துரையின் சந்தா, உபதேசியாரின் நடை: மலையகத் தமிழ்க் கூலி மிஷன் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

கொழும்பு காலிமுகத்திடலை ஒட்டி நிற்கும் கிறிஸ்து ஆலயம் 1853இல் திறக்கப்பட்டது. நம்மவர் சி.எம்.எஸ். என்று சுருக்கிச் சொல்லும் சர்ச் மிஷனரி சொசைட்டி, சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழியாரும் ஒரே கூரையின் கீழ் ஆராதிக்கட்டும் என்று எழுப்பிய கோயில் அது. அடுத்த ஆண்டு, 1854இல், அதே சங்கத்தின் பெயரில் மத்திய மலைநாட்டில் இன்னொரு வேலை தொடங்கியது. அதற்குக் கோயில் இல்லை, கூரை இல்லை, சொந்தமென்று சொல்ல ஒரு பேர்ச் காணிகூட இல்லை. தமிழ்க் கூலி மிஷன் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இன்று அந்தப் பெயரைக் கேட்டால் முகம் சுளிக்கத்தான் தோன்றும். அன்று அதை வைத்தவர்களுக்கு அதில் கூச்சப்பட ஏதும் தெரியவில்லை.

இந்த மிஷனைத் தனியே எடுத்து ஆராய்வதற்குக் காரணம் உண்டு. இலங்கைக்குப் புரட்டஸ்தாந்து மிஷன்கள் பல வந்தன: பாப்திஸ்தர் 1812இல், வெஸ்லியன் மிஷனரிகள் 1814இல், அமெரிக்கர் 1816இல், சி.எம்.எஸ். 1818இல். இவர்கள் போன இடங்களில் ஊர் இருந்தது. ஊரில் நிலம் வாங்கினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள், அச்சுக்கூடம் வைத்தார்கள், ஊர்ப் பெரியவர்களோடு உறவும் பகையும் வளர்த்துக்கொண்டார்கள். வட்டுக்கோட்டையில் அமெரிக்கரும், பத்தேகமவிலும் கோட்டேயிலும் சி.எம்.எஸ். காரரும் செய்தது அதுதான். தோட்டத்தில் அப்படி ஓர் ஊர் இல்லை. மண் தோட்ட முதலாளியான துரையினுடையது, தொழிலாளர் குடியிருந்த லயன் வரிசை துரையினுடையது, லயனுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையும் துரையினுடையது. ஆகவே அங்கே நற்செய்தி சொல்லப் போனவர் யாராக இருந்தாலும், முதலில் ஒரு முதலாளியின் விருந்தாளியாகத்தான் போக வேண்டியிருந்தது. அதோடு அந்த முதலாளியே செலவையும் ஏற்றுக்கொண்டார். தமிழ்க் கூலி மிஷனின் பலமும் பலவீனமும் இந்த ஒரே ஏற்பாட்டிலிருந்து கிளைத்தவை என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. மதமாற்றம், சாதி, ஏகாதிபத்தியம் என்ற வழக்கமான தலைப்புகளின் கீழ் இந்த வரலாற்றைப் பிரித்து அடுக்குகிறவர்கள், சம்பளம் யார் கொடுத்தார்கள் என்ற சின்னக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

காப்பிக் காலம்

கண்டி மலைகளில் காட்டை வெட்டிக் காப்பி போட்ட துரைமாருக்கு ஆள் தேவைப்பட்டது. திருச்சி, தஞ்சாவூர், மதுரை, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து கங்காணிமார் ஆட்களைத் திரட்டினார்கள். மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் வன்னிக் காடுகளைக் கடந்து, தம்புள்ளை, மாத்தளை என்று கால்நடையாகவே மலையேறினார்கள். கொள்ளைநோயும் காய்ச்சலும் வழியிலேயே பலரைத் தின்றுவிட்டன. காப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்தில்தான் கூடுதல் ஆள் வேண்டும் என்பதால், பருவம் முடிந்ததும் பெரும்பாலானோர் மீண்டும் அதே வழியில் ஊர் திரும்பினார்கள். அடுத்த பருவத்தில் அதே ஆட்கள் அதே தோட்டத்துக்கு வருவார்கள் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

மிஷனுக்கு இதனால் என்ன நேர்ந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஞானஸ்நானத்துக்கு ஆயத்தம் செய்ய ஓர் ஆளுக்கு மாதக் கணக்கில் போதனை வேண்டும். பாதிப் போதனையில் பருவம் முடிந்துவிடும். ஆள் கடல் கடந்து ஊரில் இருப்பார். ஒரு கங்காணியின் கீழ் வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே ஊர், ஒரே சாதி, ஒரே உறவுக் கூட்டம் என்பதால், தனியொருவர் வேதத்துக்கு வருவதென்றால் அந்தக் கூட்டம் முழுவதையும் எதிர்த்து நிற்க வேண்டும்; அவர் பட்ட கடனோ அந்தக் கூட்டத்தின் தலைவரான கங்காணியிடமே இருக்கும்.

ஆனால் மலையேறியவர்களில் ஏற்கெனவே கிறிஸ்தவர்களாக இருந்தவர்களும் உண்டு. திருநெல்வேலியில் சி.எம்.எஸ். 1820 முதல் வேரூன்றியிருந்தது. மதுரையில் அமெரிக்க மிஷன் இருந்தது. தஞ்சாவூரில் அதற்கும் முந்திய லுத்தரன் மரபு இருந்தது. ஊரில் சபையும் வேதம் போதிக்கும் உபதேசியாரும் மணியோசையும் பழகியிருந்த இவர்கள், இங்கே கண்காணாத மலையில் ஒரு லயன் காம்பராவுக்குள் ஜெபம் செய்துகொண்டிருந்தார்கள். தமிழ்க் கூலி மிஷனின் முதல் வேலை புதியவர்களைச் சேர்ப்பதைவிட இவர்களைத் தேடிப் பிடிப்பதாகவே இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. மிஷன் சரித்திரங்கள் புதிய ஞானஸ்நானங்களை எண்ணுவதில் காட்டும் ஆர்வத்தை இந்தப் பழைய கிறிஸ்தவர்கள்மேல் காட்டுவதில்லை. ஒரு தோட்டத்தில் சபை என்று சொல்லத்தக்கது உருவாகக் காரணம் பல வேளைகளில் உபதேசியாருக்கு முன்பே அங்கே வந்திருந்த ஒரு திருநெல்வேலிக் குடும்பந்தான்.

ஏற்பாடு

1854இல் போட்ட ஏற்பாடு எளிமையானது. உபதேசியார்களின் சம்பளத்துக்குத் தோட்டத் துரைமார் சந்தா கொடுப்பார்கள். மேற்பார்வை செய்ய ஒரு மிஷனரியைச் சி.எம்.எஸ். தரும், உபதேசியார்கள் திருநெல்வேலியிலிருந்து வருவார்கள். தொடக்கக் காலத்தில் பொறுப்பேற்ற செப்டிமஸ் ஹாப்ஸ் என்ற குருவானவரும் திருநெல்வேலியில் ஊழியம் செய்து தமிழ் பழகியவரே. பின்னாளில் டபிள்யூ. இ. ரோலன்ட்ஸ் போன்றவர்கள் இந்த வேலையைத் தொடர்ந்தார்கள். அதே 1854இல்தான் திருநெல்வேலியின் வடபகுதியில், சிவகாசியை மையமாக வைத்து, ராக்லண்ட் என்ற மிஷனரி கூடாரத்தோடு ஊர் ஊராகச் சுற்றும் ஊழியத்தைத் தொடங்கினார். ஓரிடத்தில் உட்காராமல் அலைந்து சொல்லும் முறை அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டுச் சி.எம்.எஸ். வட்டாரத்தில் பேசப்பட்ட ஒன்று என்பதற்காக இதைச் சொல்கிறேன். சிவகாசியில் அலைந்தவர் மிஷனரி, கேட்டவர்கள் ஊரில் இருந்தார்கள். கண்டி மலையிலோ சொல்பவரும் அலைந்தார், கேட்பவரும் அலைந்தார்.

யாழ்ப்பாணம் அருகில் இருக்க, உபதேசியார்களைத் திருநெல்வேலியிலிருந்து கொண்டுவந்தது ஏன் என்று கேட்கலாம். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனும் சி.எம்.எஸ்.ஸும் வெஸ்லியன் மிஷனும் படித்த கிறிஸ்தவர்களைப் போதுமான அளவு உருவாக்கியிருந்தன. ஆனால் அங்கே படித்து மேலே வந்தவர்களில் மிகப் பலர் வெள்ளாளர். தோட்ட லயனுக்குள் போய், பறையர், பள்ளர், சக்கிலியர் என்று ஊரில் ஒதுக்கப்பட்டவர்களோடு சமமாகத் தரையில் உட்கார்ந்து அவர்கள் பேச்சிலேயே பேசுவதற்கு அவர்கள் முன்வருவார்கள் என்று எதிர்பார்ப்பது கடினம். திருநெல்வேலி உபதேசியாருக்கும் சாதி உண்டுதான். அவருடைய சாதியும் லயனில் கவனிக்கப்பட்டே இருக்கும். இருந்தாலும் அவர் பேச்சு மலையில் வேலை செய்தவர்களின் பேச்சுக்கு நெருக்கமானது. மலையகத்து வயதான கிறிஸ்தவர்கள் ஜெபிக்கும்போது இன்றும் தாமிரபரணிக் கரையின் வேதத்தமிழ் வந்து விழுவதைக் கேட்டிருக்கிறேன். யாழ்ப்பாண வழக்கு அதில் ஏறவே இல்லை.

துரைமார் ஏன் பணம் கொடுத்தார்கள்? சிலர் உண்மையான பக்தர்கள். ஸ்காட்லாந்திலிருந்து வந்த பிரஸ்பிட்டேரியர் பலர், ஞாயிறு ஓய்வையும் வேத வாசிப்பையும் வீட்டிலேயே பழகியவர்கள். தங்கள் கண்ணெதிரே இத்தனை பேர் நற்செய்தி கேளாமல் இருப்பது அவர்களுடைய மனச்சாட்சியை உறுத்தியிருக்கும். வேறு சிலருக்கு, குடிக்காத, ஓடிப்போகாத, சொன்னபடி காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்கு வருகிற ஆள் வேண்டும். வேதக்காரர் அப்படி இருப்பார் என்ற கணக்கு. இந்த இரண்டு வகைத் துரைமாரும் ஒரே சந்தாப் பட்டியலில் அடுத்தடுத்த வரிகளில் இருந்திருப்பார்கள். ஒருவரையே எடுத்துக்கொண்டாலும், அவருக்குள் எந்தக் காரணம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அவராலேயே முடிந்திருக்காது.

முக்கியமானது வேறொன்று. பணம் கொடுத்தவர்கள் ஒரே திருச்சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். பிரஸ்பிட்டேரியர், அங்கிலிக்கர், வேறு சபையார் என்று கலந்திருந்தார்கள். ஆகவே சி.எம்.எஸ். என்ற அங்கிலிக்கச் சங்கத்தின் மேற்பார்வையில் நடந்தாலும், மிஷனின் பணப்பெட்டியை எந்தத் தனிச் சபையும் தன்னுடையது என்று சொல்ல முடியாது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு வெடித்த சச்சரவின் விதை இங்கே விழுந்தது.

உபதேசியாரின் ஒரு நாள்

மேலிருந்து வருகிற கடிதங்களைவிட, தோட்டத்தில் ஓர் உபதேசியாரின் நாள் எப்படி ஓடியிருக்கும் என்று பார்ப்பது இந்த ஏற்பாட்டைத் தெளிவாகக் காட்டும்.

விடிவதற்கு முன் தப்பு அடித்து ஆட்களை எழுப்புவார்கள். பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட, கங்காணிமார் ஆட்களைப் பிரித்துக்கொண்டு மலைக்குப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் உபதேசியாருக்கு வாய் திறக்க இடமில்லை. திறந்தால் வேலைக் கெடுபிடியில் அவரும் ஒருவராகிவிடுவார். பகலில் லயனில் கிழவிகளும் கைக்குழந்தைகளும் காய்ச்சல்காரர்களும் மட்டுமே. சாயங்காலம் ஆட்கள் இறங்கி வந்து, பேர் போட்டு, அடுப்பு மூட்டி, உலையில் அரிசி கொதிக்கிற நேரந்தான் அவருடைய நேரம். அதற்குள் அடுத்த தோட்டத்துக்கு நடக்க வேண்டும், அட்டைக் கடியோடு, மழையில், கையில் ஒரு லாந்தரோடு. ஞாயிற்றுக்கிழமை ஓய்வுதான், ஆனால் அதே நாள் ஆட்கள் கடைத்தெருவுக்குப் போகிற நாளும். ஆகையால் கூட்டம் சேர்க்க வேண்டுமானால் அவரும் கடைத்தெருவுக்கே போக வேண்டும். அங்கே சாராயக் கடையும் மாரியம்மன் கோயிலுக்கு உண்டியல் குலுக்குபவரும் அவருக்குப் போட்டி.

அவர் எந்தத் தோட்டத்துக்குள் போகலாம் என்பதைத் துரை தீர்மானித்தார். சந்தா கொடுத்த துரையின் தோட்டத்தில் அவருக்கு வரவேற்பு இருக்கும், காப்பி ஸ்டோரிலோ லயன் முற்றத்திலோ கூட்டம் வைக்க அனுமதியும் இருக்கும். ஆனால் அதே காரணத்தால் லயனில் அவரைப் பார்க்கிற கண் வேறு. துரையின் பணத்தில் வருகிறவர் துரையின் காதாகவும் இருப்பாரோ என்ற சந்தேகம் எழுவது இயல்பு. கூலி குறைவு, கங்காணியின் கடன், ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகவிடாமல், கடனை எழுதிய சீட்டால் ஆளைக் கட்டிவைத்த துண்டு முறை ஆகியவற்றைப் பற்றிக் கேட்பவர்களின் மனத்தில் இருந்த கேள்விகளை அவரால் தொடவே முடியாது. துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. அதுவரை ஏறத்தாழ எழுபது ஆண்டுகள், அடிமைத்தனத்திலிருந்து இஸ்ரவேலர் புறப்பட்ட கதையைக் கடன் துண்டு எழுதப்பட்ட மனிதருக்கு வாசித்துக் காட்டிவிட்டு, அந்தத் துண்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வீடு திரும்ப வேண்டிய நிலையில் உபதேசியார் இருந்தார். அவரைக் குறைசொல்வது எளிது. மாதச் சம்பளம் அவருக்கும் அந்தத் துரையிடமிருந்தே வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும்.

ஒன்றை மட்டும் அவர் தடையில்லாமல் செய்தார், எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். லயன் திண்ணையில் பிள்ளைகளையும், இரவில் விளக்கடியில் இளைஞர்களையும் உட்காரவைத்து அ, ஆ எழுதவைத்தவர்களில் இந்த உபதேசியார்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆறு முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுக்கத் தோட்ட நிர்வாகங்களுக்குக் கடமை விதித்த சட்டம் 1907இல்தான் வந்தது. அதை இறுக்கிய சட்டம் 1920இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கிய இந்தத் திண்ணைப் பாடத்தை வேதம் வாசிக்கக் கற்றுக்கொடுத்த தந்திரம் என்று தள்ளிவிடலாம்தான். வாசிக்கக் கற்றவர் வேதத்தோடு நிற்கவில்லை. துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் வாசித்தார்.

1876: கொழும்பில் எழுந்த சச்சரவு

கொழும்பு மறைமாவட்டம் 1845இல் உருவானது. அதன் முதல் பேராயர் ஜேம்ஸ் சாப்மன்; முகத்துவாரத்தில் 1851இல் புனித தோமையார் கல்லூரியைத் தொடங்கியவர் அவரே. தமிழ்க் கூலி மிஷன் முளைத்தது அவர் காலத்தில். இந்த மிஷனை உலுக்கிய பேராயர் வேறொருவர்: 1875 டிசம்பரில், முப்பது வயதில், பேராயராக அபிஷேகம் பெற்று, 1876இல் கொழும்பில் வந்திறங்கிய ரெஜினால்ட் கோப்பிள்ஸ்டன். ஆக்ஸ்ஃபோர்டில் படித்த கூர்மையான அறிஞர். பின்னாளில் பாளி கற்று, பௌத்தம் பற்றி மதிக்கத்தக்க நூல் எழுதியவர். கல்கத்தாவின் பேராயராகவும் உயர்ந்தவர். திருச்சபை ஒழுங்கு பற்றி அவருக்கு இருந்த கருத்து தெளிவானது: ஒரு பகுதியில் ஓர் அங்கிலிக்கக் குரு இருந்தால், அந்தப் பகுதியிலுள்ள எல்லா அங்கிலிக்க வேலையும் அவர் வழியாகப் பேராயருக்குக் கீழே வர வேண்டும்.

மலைநாட்டில் அந்தக் கருத்து நேரே தமிழ்க் கூலி மிஷன்மேல் போய் மோதியது. பல மாவட்டங்களில் பரந்து, பல சபைத் துரைமாரின் சந்தாவில், இலண்டனிலுள்ள ஒரு சங்கம் நியமித்த மிஷனரியின் மேற்பார்வையில், எல்லையே இல்லாமல் நடந்துகொண்டிருந்த வேலை அது. அங்கிலிக்கரல்லாதவர்கள் பணம் கொடுத்து நடத்தும் ஒன்று எப்படி அங்கிலிக்கத் திருச்சபையின் வேலையாகும், அப்படி இல்லையென்றால் அங்கிலிக்கக் குரு அதை ஏன் மேற்பார்க்கிறார் என்று பேராயர் கேட்டது தர்க்கப்படி சரியான கேள்வி. மிஷனரிகளின் பதில் அனுபவத்திலிருந்து வந்தது: துரைமாரின் கூட்டுச் சந்தா இல்லாமல் இந்த வேலை ஒரு மாதமும் ஓடாது; அதைப் பிரதேசக் குருமாருக்குக் கீழ் பிரித்துக் கொடுத்தால் பிரஸ்பிட்டேரியத் துரை பணத்தை நிறுத்துவார், உபதேசியாரின் காலடி தோட்டத்து எல்லையிலேயே நின்றுவிடும். இரண்டு பக்கத்துக்கும் பின்னால், பேராயர் அதிகாரத்தையும் சடங்கையும் வலியுறுத்திய உயர்சபை மரபுக்கும் வேதப் பிரசங்கத்தை முன்வைத்த சுவிசேஷ மரபுக்கும் இடையே இங்கிலாந்தில் கொதித்துக்கொண்டிருந்த பெரிய சண்டையும் இருந்தது.

மிஷனரிகள் எதிர்ப்புத் தெரிவித்ததும், பேராயர் 1876இல் அவர்களுடைய ஊழிய அனுமதிப் பத்திரங்களைத் திரும்பப் பெற்றார். திருச்சபை வழக்கில் இது சாதாரணக் காரியம் அன்று. அனுமதி இழந்த குரு, தாம் கட்டி வளர்த்த சபையிலேயே சட்டப்படி ஊழியம் செய்ய முடியாதவராகிறார். செய்தி கொழும்பிலிருந்து இலண்டனுக்குப் போய், அங்குள்ள சபைப் பத்திரிகைகளில் வாதமாகி, திரும்பக் கொழும்புக்கு வந்தது. சமரசமும் மறு சச்சரவுமாக நான்கு ஆண்டுகள் இழுத்து, கடைசியில் 1880இல் கான்டர்பரி, யோர்க் ஆகிய இரு இடங்களின் தலைமைப் பேராயர்களும் இலண்டன், டர்ஹம், வின்செஸ்டர் பேராயர்களும் ஆக ஐவர் கூடித் தங்கள் கருத்தைச் சொன்ன பிறகுதான் காரியம் ஒரு நிலைக்கு வந்தது. பேராயரின் அதிகாரத்தை ஒப்புக்கொண்டே சி.எம்.எஸ். தன் வேலையைத் தொடரும் வழி பிறந்தது.

இந்தச் சண்டையின் வரலாற்றைப் படிக்கும்போது எனக்கு உறுத்துவது ஒன்று. பேராயர் பேசுகிறார், மிஷனரி பேசுகிறார், இலண்டன் செயலாளர் எழுதுகிறார், துரைமார் கூட்டம் போடுகிறார்கள். உபதேசியாரின் குரல் எங்கேயோ அடிக்குறிப்பில் வருகிறது. தோட்டத்துச் சபையாரின் குரல் அதிலும் இல்லை. யாரைப் பற்றிய வேலையோ அவர்களிடம் எந்தத் தரப்பும் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்க வேண்டும் என்ற எண்ணமே எழவில்லை. ஏன் எழவில்லை என்றால், பணம் அவர்களுடையது அல்ல. அன்றைய திருச்சபைச் சிந்தனையில், தன் உபதேசியாருக்குத் தானே சம்பளம் கொடுக்கிற சபைக்குத்தான் வாய் உண்டு. சி.எம்.எஸ்.ஸின் புகழ்பெற்ற செயலாளர் ஹென்றி வென் வகுத்த கொள்கையே அதுதான்: சபை தன்னைத் தானே தாங்கி, தன்னைத் தானே ஆண்டு, தன்னைத் தானே பரப்ப வேண்டும். தோட்டத்தில் துரையின் சந்தா முதலாவதைத் தேவையற்றதாக்கிவிட்டது. அதனால் இரண்டாவதும் தள்ளிப் போயிற்று.

காப்பி சரிந்த பிறகு

1869இல் காப்பி இலையில் மஞ்சள் துரு போன்ற நோய் கண்டது. பதினைந்து ஆண்டுகளுக்குள் காப்பி படுத்துவிட்டது. 1884இல் ஓரியண்டல் வங்கி விழுந்தபோது, நேற்று வரை பங்களாவில் இருந்த துரைமார் பலர் கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறினார்கள். துரையின் சந்தாவில் நின்ற மிஷனுக்கு இது நேரடி அடி. ஆனாலும் அது மூடப்படவில்லை, தேயிலை வந்து அதைத் தாங்கிக்கொண்டது.

தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும், கொழுந்தெடுக்கப் பெண்கள் வேண்டும். அதனால் பருவத்துக்கு வந்து போனவர்கள் குடும்பமாகத் தங்கினார்கள். ரயில் 1867இல் கண்டிக்கும், 1884, 1885இல் ஹட்டனுக்கும் நானுஓயாவுக்கும் போய்ச் சேர்ந்தது. தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே மணமுடித்து அங்கேயே அடக்கமாகிற ஒரு சமூகம் உருவானதும்தான், மிஷனுக்கு முதல்முறையாக நிலையான சபைகள் கிடைத்தன; தமிழ்க் குருமார் பட்டம் பெற்று வந்தார்கள்; சின்னச் சின்ன ஆலயங்கள் எழுந்தன. மலைநாட்டில் இந்த இரண்டு உலகங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பொகவந்தலாவைப் புனித மரியாள் ஆலய முற்றத்தில், புகைப்படக் கலையில் பெயர் பெற்ற ஜூலியா மார்கரெட் கெமரன் 1879இல் அடக்கம் செய்யப்பட்டார். அப்படிப்பட்ட துரைமார் கோயில்களில் கல்லறைக் கல்வெட்டுகள் ஆங்கிலத்தில், பெயரோடும் ஆண்டோடும் நிற்கின்றன. தோட்டச் சபையார் அடக்கமான மேட்டில் ஒரு மரச்சிலுவை, அதுவும் சில மழைக்காலம் வரைதான்.

இலங்கை அரசு 1881இல் அங்கிலிக்கத் திருச்சபைக்குக் கொடுத்துவந்த பணத்தைப் படிப்படியாக நிறுத்தத் தீர்மானித்தது. அரசுச் சம்பளத்தில் இருந்த குருமாருக்கு அது அதிர்ச்சி. கூலி மிஷனுக்கு அரசுப் பணம் பழக்கமில்லை. துரையின் பணம்தான் பழக்கம். திருச்சபை தன் மக்களின் காணிக்கையில் வாழக் கற்றுக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது என்று கொழும்பில் பேசிக்கொண்டிருந்தபோது, நாட்கூலி சில சதம் பெற்றவர்களும் காணிக்கைத் தட்டில் தங்கள் பங்கைப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

பெயர் மாற்றம்

இருபதாம் நூற்றாண்டில் மிஷனின் பெயர் மாறியது. தமிழ்க் கூலி மிஷன், தமிழ்ச் சபை மிஷன் ஆயிற்று. ஆங்கிலத்தில் டி.சி.எம். என்ற மூன்று எழுத்துகள் அப்படியே இருக்க, நடுவிலிருந்த கூலி (Coolie) மட்டும் சபை (Church) ஆகிவிட்டது. பெயரட்டையை மாற்றாமல் பெயரை மாற்றிய இந்தச் சாமர்த்தியத்தைப் பார்த்துச் சிரிப்பும் வருகிறது, சிக்கனம் என்ற மரியாதையும் வருகிறது. மாற்றம் மேலோட்டமானது என்று நான் சொல்லமாட்டேன். தங்களைக் கூலி என்று எழுதிய ரசீதில் காணிக்கை கொடுக்க மறுக்கிற தலைமுறை அதற்குள் வந்துவிட்டது. அவர்களில் எழுத்தறிவித்த திண்ணையிலிருந்து ஆசிரியர்களாகவும் தொழிற்சங்கக்காரர்களாகவும் போனவர்கள் உண்டு.

அதன் பிறகு நடந்தவற்றை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. மலையக வாசகர்களுக்கு அது குடும்பக் கதை. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இந்தச் சபையாரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1950இல் குருநாகல் மறைமாவட்டம் தனியே பிரிந்தபோது, கண்டி, மாத்தளைப் பக்கத் தோட்டங்கள் ஒரு பேராயரின் கீழும், நுவரெலியாப் பக்கம் கொழும்புப் பேராயரின் கீழும் வந்தன. 1964 ஒக்டோபரில் ஒப்பமான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எழுபதுகளில் நிலச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கிக் கடைசித் துரைமாரையும் அனுப்பிவைத்தது. தோட்டப் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டது. சந்தா கொடுத்தவரும் இல்லை, திண்ணையும் இல்லை. மிஷனிடம் எஞ்சியது சபை மட்டும், அதிலும் பாதி கப்பலில்.

மேல்மலைத் தோட்டமொன்றின் சின்ன ஆலயத்தில், குருவானவர் எனக்குப் பழைய சபைப் பதிவேடு ஒன்றைக் காட்டினார். குடும்பத் தலைவர் பெயர், மனைவி, பிள்ளைகள், ஞானஸ்நானத் தேதி என்று நீலமையில் வரிசையாக எழுதியிருந்தது. அறுபதுகளின் பிற்பகுதியிலிருந்து, குடும்பம் குடும்பமாகக் கோடு கிழித்து ஓரத்தில் ஒரே சொல்: இந்தியா. சில பக்கங்களில் கோடில்லாத பெயர்கள் மூன்றோ நான்கோ. ஒரு குடும்பத்தில் தகப்பன் பெயர்மேல் கோடு, மூத்த மகன் பெயரில் கோடு இல்லை; கடைசி மகள் பெயரில் கோடு போட்டுப் பிறகு அழித்திருந்தது. இப்படிப் போனவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் தேயிலைக்கே போய்ச் சேர்ந்து, அங்கே தென்னிந்தியத் திருச்சபையின் உறுப்பினர்களானார்கள். 1947இல் அங்கே அங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் பிரஸ்பிட்டேரியரும் ஒன்றாகிவிட்டிருந்தார்கள். இலங்கையில் அப்படியொரு ஒன்றிப்பு 1972இல் தொடக்க விழா வரை வந்து, நீதிமன்ற வழக்கால் நின்றுபோனது. காப்பிக் காலத் துரைமார் மிஷன் சந்தாப் பட்டியலில் தாராளமாகச் செய்த சபைக் கலப்பை, அவர்கள் போன பிறகும் நம்மால் சட்டப்படி செய்ய முடியவில்லை.

இப்போது மலையிலிருந்து இளைஞர்கள் கொழும்புக்கு இறங்கி வருகிறார்கள்: புறக்கோட்டைக் கடைகளுக்கு, வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடைகளுக்கு, கட்டிட வேலைக்கு. ஞாயிறு காலைத் தமிழ் ஆராதனையில் கடைசி வாங்கில் அவர்களைப் பார்க்கலாம். அண்மையில் அவர்களில் ஒருவர் கலியாணத்துக்கு ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டும் என்று கொழும்புச் சபைக் காரியாலயத்துக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். எழுதுநராக இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, “நிரந்தர விலாசம் சொல்லுங்க தம்பி,” என்றார்.

“தோட்டத்துப் பேரு போதுமுங்களா ஐயா? கீழ்ப்பிரிவு, ஏழாம் நம்பர் லயன்.”

“கடிதம் போட்டா வருமா?”

“லயனுக்கு வராதுங்க. துரை ஆபீஸுக்கு வரும். அங்கேருந்து எடுத்துக்குவோம்.”

ஆசிரியர் ஒரு கணம் பேனாவை நிறுத்தினார். பிறகு தோட்டத்தின் பெயருக்கு முன்னால், அந்தச் சின்னக் கட்டத்துக்குள் நெருக்கி, தோட்ட அத்தியட்சகர் மூலம் என்று எழுதினார்.